கீரை, நெல்லி, கேழ்வரகு: எவ்வளவு சாப்பிட்டால் எவ்வளவு சேரும்?

வாசகர் கேள்வி – பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான்: சத்து மாத்திரைகளைக் குறைத்துவிட்டு, கீரையிலும் தானியத்திலும் பழத்திலும் இருந்தே வைட்டமினும் தாதுச்சத்தும் பெற முடியுமா? கீழே வரும் உணவு அளவுகள் பெரும்பாலும் ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-ல் வெளியிட்ட அட்டவணையை ஒட்டியவை. தினசரித் தேவைகள் 2020-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) திருத்திய கணக்கு. ரகம், மண், இலையின் முற்றல் இவற்றைப் பொறுத்து இந்த எண்கள் கொஞ்சம் ஏறும், இறங்கும்.

கேள்வி: எனக்கு ஹீமோகுளோபின் 9.2. டாக்டர் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரை வயிற்றைப் புரட்டுகிறது. மாத்திரையை நிறுத்திவிட்டு பேரீச்சம்பழம், பீட்ரூட், முருங்கைக்கீரை சாப்பிட்டால் போதும் என்கிறார் பக்கத்து வீட்டு அக்கா. சரிதானா?
– வாசகி, பெரம்பலூர்

பதில்: 9.2-ல் இருக்கும்போது மாத்திரையை நிறுத்தாதீர்கள். கணக்குப் பார்த்தாலே காரணம் புரியும். வயது வந்த பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 29 மில்லிகிராம் இரும்பு உணவில் வேண்டும். பீட்ரூட் 100 கிராமில் ஒரு மில்லிகிராம்கூட இல்லை. அதன் சிவப்புக்கும் ரத்தத்துக்கும் சம்பந்தமில்லை. முருங்கைக்கீரை 100 கிராமில் சுமார் நாலரை மில்லிகிராம். ஆனால் பொரியலாக ஒருவர் தட்டில் விழுவது பச்சையாக 50 கிராம் இலை இருந்தால் பெரிது. அதில் இருக்கும் இரண்டேகால் மில்லிகிராமில் பத்தில் ஒரு பங்குதான், பல நேரம் அதற்கும் குறைவாகத்தான் குடல் உறிஞ்சும். இரண்டு பேரீச்சம்பழத்தில் கிடைப்பது இதைவிடச் சொற்பம், சர்க்கரைதான் நிறைய. கர்ப்பிணிகளுக்கு அரசு தரும் ஒரு மாத்திரையில் மட்டும் 60 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. வற்றிய குளத்தை நிரப்ப மாத்திரை. நிரம்பிய பிறகு வற்றாமல் பார்த்துக்கொள்ள உணவு.

வயிற்றுப் புரட்டலுக்கு வழி உண்டு. வெறும் வயிற்றில் போடுவதை விட்டு, இரவு சாப்பிட்ட அரை மணி நேரம் கழித்துப் போட்டுப் பாருங்கள். ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடலாமா, வேறு வகை மாற்றித் தர முடியுமா என்று உங்கள் டாக்டரிடமே கேளுங்கள். பலருக்கு அது ஒத்துக்கொள்கிறது. மலம் கறுத்துப் போவது இரும்பால் வருவது, பயப்பட வேண்டாம். கால்சியம் மாத்திரையும் இருந்தால் இரண்டையும் ஒரே வேளையில் போடக் கூடாது. ஒன்று காலை, ஒன்று இரவு. ஹீமோகுளோபின் 12-ஐத் தொட்ட உடனே நிறுத்திவிடுவதுதான் பலர் செய்யும் தவறு. உடம்பின் இருப்பு நிரம்ப, அதற்குப் பிறகும் சுமார் மூன்று மாதம் தொடர வேண்டும். ரத்தம் ஏன் குறைந்தது என்பதையும் கேளுங்கள்: மாதவிடாயில் அதிகப் போக்கு, குடற்புழு, மூலம், பி12 குறைவு என்று காரணம் வேறாக இருக்கலாம்.

உணவில் செய்ய வேண்டியது: கீரையோ பயறோ சாப்பிடும் அதே வேளையில் வைட்டமின் சி இருக்க வேண்டும். அரை எலுமிச்சை, ஒரு நெல்லிக்காய்த் துண்டு, ஒரு கொய்யா, எது கைக்குக் கிடைக்கிறதோ அது. சாப்பாட்டோடு டீ, காபி கூடாது. முன்னும் பின்னும் ஒரு மணி நேர இடைவெளி விடுங்கள். சாப்பிட்டு முடித்த கையோடு குடிக்கும் ஒரு டம்ளர் டீ, அந்தச் சாப்பாட்டு இரும்பில் பாதிக்கு மேல் சேரவிடாமல் தடுத்துவிடும். புளிக்குழம்பு, தக்காளித் தொக்கு போன்ற புளிப்புச் சமையலை இரும்புச் சட்டியில் செய்தால் சட்டியின் இரும்பே கொஞ்சம் குழம்பில் இறங்கும். ஆனால் குழம்பைச் சட்டியிலேயே இரவெல்லாம் விடாதீர்கள். கறுத்து, துருவாடை அடித்துச் சாப்பிட முடியாமல் போகும். தலசீமியா போன்ற ரத்தக் கோளாறு வீட்டில் யாருக்காவது இருந்தால் டாக்டரைக் கேட்காமல் இரும்பைக் கூட்டக் கூடாது.

கேள்வி: முருங்கை இலைப் பொடி வீட்டிலேயே செய்தேன். பழுப்பாகி, வைக்கோல் வாசனை வருகிறது. எங்கே தவறு? ஒரு நாளைக்கு எத்தனை ஸ்பூன் சாப்பிடலாம்?
– வாசகி, உடுமலைப்பேட்டை

பதில்: நேர் வெயிலில் காயவைத்திருப்பீர்கள், அல்லது ஈர இலையைக் கனமாகக் குவித்திருப்பீர்கள். வெயில் பச்சையத்தோடு, உடம்பில் வைட்டமின் ஏ-யாக மாறும் பீட்டா கரோட்டினையும் அழிக்கும். குவியலுக்குள் ஈரமும் சூடும் சேர்ந்தால் இலை வெந்ததுபோல் பழுக்கும்.

கொழுந்தும் வேண்டாம், மஞ்சளடித்த கிழ இலையும் வேண்டாம். நடுத்தர முற்றலில் கிளையோடு ஒடியுங்கள். ஓடும் தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசி, கொத்தாகப் பிடித்து உதறி, மின்விசிறிக் காற்றில் துணிமேல் பரப்புங்கள். மேலீரம் போன பிறகு உருவுங்கள். ஈரத்தோடு உருவினால் இலை நசுங்கி, நசுங்கிய இடமெல்லாம் கறுக்கும். உருவிய இலையை ஒன்றன்மேல் ஒன்று ஏறாத அளவுக்கு மெல்லிசாக, வெயில் படாத, காற்றோட்டமுள்ள அறையில் விரித்து, ஒரு நாளைக்கு இரண்டு முறை புரட்டிவிடுங்கள். கோடையில் மூன்று, நான்கு நாள் போதும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இந்த வேலையே வேண்டாம், பூஞ்சை நிச்சயம். உள்ளங்கையில் எடுத்துக் கசக்கினால் அப்பளம் போல நொறுங்க வேண்டும். வளைந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது.

மிக்ஸியை விட்டு விட்டு ஓட்டுங்கள். தொடர்ந்து ஓட்டினால் ஜாரின் சூட்டிலேயே மணம் போய்விடும். சலித்து, ஆறவைத்து, சின்னச் சின்ன பாட்டில்களில் அடைத்து, வெளிச்சம் படாத அலமாரியில் வையுங்கள். ஒரு கிலோ உருவிய இலைக்கு 200 முதல் 250 கிராம் பொடி தேறும். அதைவிட அதிகமாக நின்றால் ஈரம் போகவில்லை என்று அர்த்தம். மூன்று மாதத்துக்குள் தீரும் அளவே செய்யுங்கள். பூஞ்சை வாடை வந்தால் வறுத்துப் பார்க்கலாமே என்று நினைக்காமல் கொட்டிவிடுங்கள்.

அளவு: ஒரு டீஸ்பூன் என்பது 2 முதல் 3 கிராம். 3 கிராமில் கால்சியம் சுமார் 60 மில்லிகிராம், இரும்பு ஒரு மில்லிகிராமுக்கும் குறைவு. வைட்டமின் சி காயும்போதே பெரும்பாலும் போய்விடும். ஆகவே ஒரு டீஸ்பூன் முருங்கைப் பொடி நல்ல துணை, அவ்வளவுதான். விளம்பரங்கள் சொல்லும் அதிசயம் அதில் இல்லை. ஒன்றிலிருந்து இரண்டு டீஸ்பூன் வரை அடை மாவிலோ, அடுப்பை அணைத்த சாம்பாரிலோ, இட்லிப் பொடியிலோ கலக்கலாம். சர்க்கரைக்கோ ரத்த அழுத்தத்துக்கோ மருந்து எடுப்பவர்கள் பொடியைத் தினமும் சாப்பிடத் தொடங்கினால் அளவுகளை அடிக்கடி சோதித்துக்கொள்ளுங்கள். கர்ப்பிணிகள் கீரையைச் சமைத்துச் சாப்பிடலாம். முருங்கை வேர், பட்டை இரண்டும் அவர்களுக்கு ஆகாது.

கேள்வி: ஐந்து வயது மகன் பாலைத் தொடுவதே இல்லை. கால்சியத்துக்குத் தினமும் பாலக் கீரை கொடுக்கிறோம். போதுமா?
– வாசகர், ஓசூர்

பதில்: கால்சியத்துக்கு மிகவும் ஏமாற்றும் கீரை பாலக்தான். அதில் ஆக்சலேட் அதிகம். அது கால்சியத்தைக் கட்டிப் பிடித்துக்கொள்வதால், இருப்பதில் நூற்றுக்கு 5 பங்கு அளவே உடம்பில் சேர்கிறது. பாலில் இருந்தால் கிட்டத்தட்ட 30 பங்கு சேரும். ஃபோலேட் என்ற பி வைட்டமினுக்காகப் பாலக் கொடுங்கள், கால்சியத்துக்கு வேறு பாருங்கள்.

ஐந்து வயதுக்கு ஒரு நாளைக்கு 550 மில்லிகிராம் வேண்டும். பால்தானே பிடிக்கவில்லை, தயிர்? மோர்? பாதிப் பிள்ளைகள் பாலைத் தள்ளிவிட்டுத் தயிர்சாதம் சாப்பிடுவார்கள். 200 மில்லி பாலுக்கு உறையூற்றிய தயிரில் அந்தப் பாலின் கால்சியம் அப்படியே, சுமார் 240 மில்லிகிராம், இருக்கும். கேழ்வரகு 100 கிராமில் ஏறக்குறைய 360 மில்லிகிராம். மூன்று மேசைக்கரண்டி மாவு, அதாவது 30 கிராம், போட்டால் 110 கிடைக்கும்.

கேழ்வரகை முளைகட்டினால் தாதுக்களைப் பிடித்து வைத்திருக்கும் ஃபைடேட்டும் டானினும் குறையும். கழுவி, கல் அரித்து, 10 முதல் 12 மணி நேரம் ஊறவைத்து, தண்ணீரை முழுவதும் வடித்து, பருத்தித் துணியில் கட்டித் தொங்கவிடுங்கள். ஒன்றரை நாளில் வெள்ளை முளை தெரியும். துணி காய்ந்தால் தெளித்து ஈரமாக்க வேண்டும், சொட்டச் சொட்ட இருந்தால் புளித்து நாறும். நிழலில் காயவைத்து, இளஞ்சூட்டில் வறுத்து, கையால் தேய்த்து முளையை உதிர்த்து, அரைத்துச் சலியுங்கள்.

எள்ளைப் பற்றி ஒரு வார்த்தை. அட்டவணையில் எள்ளுக்கு 100 கிராமுக்கு 1,000 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் போட்டிருக்கும். அதில் பெரும்பகுதி தோலில், ஆக்சலேட்டோடு பிணைந்து இருக்கிறது. தோல் நீக்கிய வெள்ளை எள்ளில் அளவே குறைவு. இரண்டு எள்ளுருண்டை கொடுத்துவிட்டு ஒரு டம்ளர் பால் கொடுத்ததாக நினைத்துக்கொள்ள முடியாது. அசைவம் சாப்பிடும் வீடானால் முள்ளோடு சாப்பிடும் நெத்திலி இதையெல்லாம் தாண்டிவிடும். கருவாடாக வாங்கினால் வெந்நீரில் ஊறவைத்து உப்பை இறக்கிவிட்டுச் செய்யுங்கள்.

கேள்வி: கீரையைக் குக்கரில் வைக்கலாமா? நிறம் போகாமலிருக்க ஒரு சிட்டிகை சோடா உப்பு போடுவது எங்கள் வீட்டு வழக்கம்.
– வாசகி, தேனி

பதில்: சோடா உப்பை இன்றோடு நிறுத்துங்கள். காரத்தில் பி1 வைட்டமினும் சி-யும் சீக்கிரம் அழியும். நிறம் மட்டும் மிஞ்சும். நிறத்துக்கு வேறு வழி: அரை டம்ளர் தண்ணீர் நன்றாகக் கொதித்த பிறகு கீரையைப் போட்டு, முதல் இரண்டு நிமிடம் மூடாமல் வையுங்கள். இலையிலிருந்து வரும் அமிலம் ஆவியோடு வெளியேறும். மூடினால் அது திரும்ப இறங்கிக் கீரையைப் பழுப்பாக்கும். பிறகு மூடி, மொத்தம் ஐந்து நிமிடம். அரைக்கீரை, சிறுகீரை, முளைக்கீரைக்கு இதுவே அதிகம். குக்கர் பருப்புக்கு மட்டும் போதும். பருப்பு வெந்த பிறகு கீரையைச் சேருங்கள்.

கழுவிவிட்டு நறுக்குங்கள், நறுக்கிவிட்டுக் கழுவாதீர்கள். வெந்த தண்ணீரைக் கொட்டாதீர்கள், மசியலுக்கே அது வேண்டும். தேங்காய், நல்லெண்ணெய், நெய் ஏதாவது ஒன்று ஒரு டீஸ்பூனாவது இருக்கட்டும். கொழுப்பு இல்லாமல் கரோட்டின் உடம்பில் ஒட்டாது. எண்ணெயே இல்லாமல் கீரையை வேகவைத்துக் குடிக்கும் டயட் ஆசாமிகள் இழப்பது இதைத்தான். எலுமிச்சையை அடுப்பை அணைத்த பிறகு பிழியுங்கள்.

கேள்வி: நெல்லிக்காய் ஒன்றில் 20 ஆரஞ்சு என்கிறார்கள். தேன் நெல்லி, நெல்லி வற்றல், நெல்லிச் சாறு – எதில் சத்து நிற்கும்?
– வாசகர், சேலம்

பதில்: பழைய அட்டவணைகளில் பெரிய நெல்லிக்கு 100 கிராமுக்கு 600 மில்லிகிராம் வைட்டமின் சி என்று இருந்தது. 2017 அட்டவணையில் சுமார் 250. குறைந்த எண்ணை எடுத்துக்கொண்டாலும், கொட்டை நீக்கி 30 கிராம் நிற்கும் ஒரு காயில் 75 மில்லிகிராம் ஆகிறது. பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 65, ஆணுக்கு 80. ஆக, ஒரு காயே ஒரு நாளைக்குக் கிட்டத்தட்டப் போதும். இரண்டாவது காய் தேவையில்லை, மூன்றாவது பல்லைக் கூசவைக்கும்.

பச்சையாகக் கடித்துச் சாப்பிடுவதே மேல். அடுத்தது, உப்பு மஞ்சள் தண்ணீரில் போட்டுக் கண்ணாடிப் பாட்டிலில் வைப்பது. சாறு என்றால் பிழிந்த உடனே குடிக்க வேண்டும். செம்பு, பித்தளைப் பாத்திரத்தில் நெல்லிச் சாறோ எலுமிச்சைச் சாறோ வைக்காதீர்கள்: செம்பு வைட்டமின் சி-யை வேகமாகச் சிதைக்கும், புளிப்பில் செம்பும் கரைந்து இறங்கும். தேன் நெல்லி என்று கடையில் விற்பதில் பல, காயை வேகவைத்துச் சர்க்கரைப் பாகில் ஊறவைத்தவை. அதை மிட்டாய்க் கணக்கில் எழுதுங்கள். வற்றலில் சி குறைந்தாலும் முழுவதும் போகாது, நெல்லியின் துவர்ப்புப் பொருள்கள் அதை ஓரளவு காக்கின்றன. சீசன் இல்லாத மாதங்களில் நெல்லிக்காக அலையாதீர்கள். நாட்டுக் கொய்யாவில் 100 கிராமுக்கு 200 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது, விலையும் குறைவு.

ஏகாதசி விரதம் முடித்து, துவாதசி அன்று அகத்திக்கீரை, நெல்லிக்காய், சுண்டைக்காய் என்று சமைப்பார்கள் அல்லவா? 100 கிராமில் 900 மில்லிகிராம் அளவுக்குக் கால்சியமும் கூடவே இரும்பும் உள்ள கீரைக்குப் பக்கத்தில் நெல்லிப் பச்சடி. இரும்பு சேர இதைவிடப் பொருத்தமான ஜோடி கிடைக்காது.

கேள்வி: சுத்த சைவம். பி12 குறைவு என்று ரிப்போர்ட். பழைய சோற்றிலும் சுருள்பாசியிலும் (ஸ்பைருலினா) பி12 கிடைக்குமாமே? பழைய சோற்றில் இரும்பும் இருபது மடங்காகிறது என்று வாட்ஸ்அப்பில் படித்தேன்.
– வாசகர், மயிலாப்பூர்

பதில்: இரும்பு ஒரு தனிமம். எந்தக் கிருமியாலும் அதை உண்டாக்க முடியாது. சோற்றிலும் தண்ணீரிலும் பாத்திரத்திலும் இல்லாத இரும்பு ராத்திரியோடு ராத்திரியாக வராது. புளிக்கும்போது ஃபைடேட் உடைவதால், இருக்கும் இரும்பு கொஞ்சம் எளிதாகச் சேரலாம், அதுதான் உண்மை. பழைய சோறு நல்ல உணவு, அதற்குப் பொய்ச் சான்றிதழ் தேவையில்லை.

பி12-க்குப் பழைய சோறு, இட்லி மாவு, கீரை எதையும் நம்ப வேண்டாம். சுருள்பாசியில் இருப்பதில் பெரும்பாலும் பி12 போலவே தோற்றமளிக்கும், நம் உடம்புக்கு உதவாத வேறு பொருள். ஒரு நாளைத் தேவை 2.2 மைக்ரோகிராம். 200 மில்லி பாலில் 0.8-க்கு மேல் கிடைக்கும். ஆகப் பால், தயிர், மோர் எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு அரை லிட்டர் போனால் தேவையை ஒட்டி வரலாம். ஏற்கெனவே குறைந்துவிட்ட உங்களுக்கு அது போதாது, மாத்திரையோ ஊசியோ வேண்டும். பாலும் விட்டவர்களுக்கு வாழ்நாள் முழுவதும் மாத்திரைதான். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின், நெஞ்செரிச்சலுக்கு பான்டோப்ரசோல் என்று வருடக்கணக்கில் எடுப்பவர்களுக்கும் பி12 இறங்கும். பாதத்தில் மரத்துப்போதல், ஊசி குத்துவது போன்ற உணர்வு இருந்தால் தள்ளிப்போடாதீர்கள். நரம்புச் சேதம் முற்றினால் முழுவதும் திரும்பாது. டாக்டரைக் கேட்காமல் ஃபோலிக் அமிலம் மட்டும் போட்டுக்கொள்வதும் ஆபத்து: ரத்தம் ஏறும், நரம்பு கெடுவது வெளியே தெரியாமல் போகும்.

கேள்வி: பொன்னாங்கண்ணி சாப்பிட்டால் கண்ணாடியைக் கழற்றிவிடலாமா?
– கல்லூரி மாணவி, திருவாரூர்

பதில்: முடியாது. வைட்டமின் ஏ குறைவால் வரும் மாலைக்கண்ணுக்குக் கரோட்டின் நிறைந்த எந்தக் கீரையும் உதவும். கிட்டப்பார்வை என்பது கண்ணின் வடிவக் கோளாறு, அதைக் கீரை திருத்தாது. பொன்னாங்கண்ணியைப் பருப்போடு ருசிக்காகச் சாப்பிடுங்கள்.

கேள்வி: பச்சரிசி, புழுங்கல், கைக்குத்தல் – பி வைட்டமினுக்கு எது?
– வாசகர், கும்பகோணம்

பதில்: இந்தக் கேள்விக்கு விடை தேடப் பிறந்ததுதான் நம் ஊட்டச்சத்து ஆராய்ச்சியே. 1918-ல் குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் ஒற்றை அறையில் ராபர்ட் மெக்கரிசன் தொடங்கிய பெரிபெரி ஆய்வுப் பிரிவுதான் வளர்ந்து, 1958-ல் ஹைதராபாத்துக்குப் போய், இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஆனது. பெரிபெரி பி1 குறைவால் வரும் நோய். அன்றைய சென்னை மாகாணத்தில் மில்லில் தீட்டிய பச்சரிசி சாப்பிட்ட வட சர்க்கார் மாவட்டங்களில், அதாவது இன்றைய ஆந்திரக் கடலோரத்தில், அது கடுமையாக இருந்தது. புழுங்கலரிசி சாப்பிட்ட தமிழ் மாவட்டங்கள் தப்பித்தன. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது, தவிட்டிலும் முளையிலும் உள்ள பி1 கரைந்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. பிறகு மில்லில் தீட்டினாலும் உள்ளே போனது நிற்கும்.

கைக்குத்தல் புழுங்கல் முதலிடம், சாதாரண மில் புழுங்கல் இரண்டாவது, பளபளவென்று தீட்டிய பச்சரிசி கடைசி. தீட்டாத அரிசியின் தவிட்டில் எண்ணெய் இருப்பதால் சிக்கு வாடை பிடிக்கும். ஒரு மாதத்துக்கு மேல் வாங்கி அடுக்காதீர்கள். எந்த அரிசியானாலும் தண்ணீர் கண்ணாடி மாதிரி தெளியும்வரை ஏழெட்டு முறை கழுவினால் பி வைட்டமின் சாக்கடைக்குப் போகும். இரண்டு முறை போதும், கையால் அழுத்தித் தேய்க்கவும் வேண்டாம். வடித்துச் சாப்பிடும் வீடுகளில் கஞ்சியை ரசத்துக்கோ மோரில் கலந்து குடிக்கவோ வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: இதய வால்வு அறுவை சிகிச்சைக்குப் பின், ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை எடுக்கிறேன். கீரையே கூடாது என்கிறார்கள். உண்மையா?
– வாசகர், காரைக்குடி

பதில்: கீரை கூடும். ஒரு நாள் நிறைய, அடுத்த வாரம் பூஜ்யம் என்று மாறி மாறிச் சாப்பிடுவதுதான் கூடாது. கீரையின் வைட்டமின் கே இந்த மருந்துக்கு எதிர்வேலை செய்யும். திடீரென்று கூட்டினால் ரத்தம் உறையலாம், திடீரென்று நிறுத்தினால் ரத்தக்கசிவு வரலாம். வாரத்தில் இத்தனை நாள், ஒரு நேரத்துக்கு ஒரு சிறு கிண்ணம் என்று ஒரே அளவாக வைத்துக்கொண்டு, அதை டாக்டரிடம் சொல்லி, ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். சோதனை பார்த்து மருந்தளவை அமைத்துக்கொள்ளுங்கள். முருங்கைப் பொடி, கீரை ஜூஸ், மூலிகைக் கஷாயம் எதையும் நீங்களாகப் புதிதாகத் தொடங்காதீர்கள்.

கேள்வி: வெள்ளை உப்பை நிறுத்தி இந்துப்புக்கு மாறிவிட்டோம். தாதுச்சத்து அதிகமாமே?
– வாசகி, கோவை

பதில்: இந்துப்பில் இருக்கும் மற்ற தாதுக்கள் ஒரு சிட்டிகைக் கணக்கில் பொருட்டே அல்ல. நீங்கள் இழந்தது அயோடின். கடைக்கு வரும் அயோடின் உப்பில் கிலோவுக்குக் குறைந்தது 15 மில்லிகிராம் இருக்க வேண்டும் என்பது சட்டம். அதன்படி 5 கிராம் உப்பில் 75 மைக்ரோகிராம் கிடைக்கும். நாளுக்குத் தேவையான சுமார் 150-ல் அதுவே பாதி. கீரையும் காயும் அவை விளைந்த மண்ணைப் பொறுத்தவை, அயோடினுக்கு அவற்றை நம்ப முடியாது. கர்ப்பிணி இருக்கும் வீட்டில் இந்த மாற்றம் கூடவே கூடாது. குழந்தையின் மூளை வளர்ச்சிக்கே அயோடின் வேண்டும். அயோடின் உப்பை மூடியுள்ள டப்பாவில், அடுப்பிலிருந்து தள்ளி வைத்து, சமையலின் கடைசியில் போடுங்கள்.

கேள்வி: தினமும் காலையில் பச்சைக் கீரை ஜூஸ் குடிக்கிறேன். இயற்கைதானே, எவ்வளவு குடித்தாலும் என்ன?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: கேரளத்தில் இரும்பன் புளி என்று சொல்லும் பிலிம்பிக்காயின் சாற்றைக் கொழுப்புக் குறையக் குடித்து, ஆக்சலேட் தங்கிச் சிறுநீரகம் திடீரெனச் செயலிழந்தவர்கள் உண்டு, மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது. பச்சைப் பாலக் ஜூஸிலும் அதே ஆக்சலேட்தான். ஒரு கட்டுக் கீரையை மென்று தின்ன யாராலும் முடியாது. ஜூஸாக்கினால் ஒரே மூச்சில் உள்ளே போய்விடுகிறது. வேகவைத்துச் சாப்பிடுங்கள். ஏற்கெனவே சிறுநீரகக் கல் இருப்பவர்கள் பாலக், தண்டுக்கீரை, பீட்ரூட்டைக் குறைத்து, சாப்பிடும் நாளில் தயிரோடு சாப்பிட்டால், ஆக்சலேட் குடலிலேயே கால்சியத்தோடு பிணைந்து வெளியேறும்.

சிறுநீரகம் பழுதானவர்களுக்குக் கணக்கே வேறு. கீரை, இளநீர், வாழைப்பழம் எல்லாவற்றிலும் பொட்டாசியம் உண்டு. ரத்தத்தில் அது ஏறினால் இதயம் நிற்கும். நட்சத்திரப் பழம் ஒரு துண்டுகூட அவர்களுக்கு ஆகாது, மூளையைத் தாக்கும் நச்சு அதில் இருக்கிறது.

கேள்வி: வைட்டமின் டி-க்கு என்ன கீரை?
– வாசகி, ஆவடி

பதில்: எந்தக் கீரையிலும் இல்லை. உங்கள் நிழல் உங்கள் உயரத்தைவிடக் குட்டையாக விழும் நேரத்தில், கையும் காலும் வெயில் படும்படி 20 முதல் 30 நிமிடம் நில்லுங்கள். அதிகாலை இளவெயிலிலும், ஜன்னல் கண்ணாடிக்குள் வரும் வெயிலிலும், தோலில் வைட்டமின் டி-யை உண்டாக்கும் புற ஊதாக் கதிர் போதுமான அளவு வராது. காளானை நறுக்கி, உச்சிவெயிலில் ஒரு மணி நேரம் வைத்துச் சமைத்தால் அதில் டி உருவாகும். மத்தி மீனிலும் முட்டை மஞ்சள் கருவிலும் ஓரளவு உண்டு.

கேள்வி: கறிவேப்பிலையை எல்லாரும் தட்டோரம் ஒதுக்குகிறார்கள். அதில் இருக்கும் சத்தெல்லாம் வீண்தானே?
– வாசகி, ராஜபாளையம்

பதில்: தாளிப்பில் விழும் பத்துப் பதினைந்து இலை இரண்டு கிராம் தேறினால் அதிகம். 100 கிராமில் 650 மில்லிகிராம் கால்சியமும் எட்டு மில்லிகிராமுக்கு மேல் இரும்பும் இருந்தாலும், இரண்டு கிராமில் 13-ம், 0.2-க்குக் கீழும்தான். ஒதுக்கினால் பெரிய நஷ்டமில்லை, மணம் குழம்பில் இறங்கிவிட்டது. சத்து வேண்டுமென்றால் துவையலாக அரையுங்கள்: உருவிய இலை இரண்டு கைப்பிடி, உளுத்தம்பருப்பு இரண்டு டீஸ்பூன், வரமிளகாய் நான்கு, புளி ஒரு சின்ன நெல்லி அளவு, தேங்காய் இரண்டு மேசைக்கரண்டி, உப்பு. பருப்பையும் மிளகாயையும் நல்லெண்ணெயில் சிவக்க வறுத்து எடுத்துவிட்டு, அணைத்த அடுப்பின் சூட்டிலேயே இலையை ஒரு புரட்டுப் புரட்டினால் போதும்; முறுக விட்டால் கசக்கும். தண்ணீரைக் குறைத்துக் கெட்டியாக அரைத்தால் குளிர்சாதனப் பெட்டியில் மூன்று நாள் தாங்கும்.